மாட்டு டாக்டர் பதில்கள்: மயக்க ஊசி கேட்பவர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி. மாடு உதைக்கிறது, கிடா கத்துகிறது, பன்றிகள் கடித்துக்கொள்கின்றன, "அடங்குகிற மாதிரி ஏதாவது ஊசி எழுதுங்கள் டாக்டர்". பெங்களூரிலும் சுற்றுப்பட்டு கிராமங்களிலும் 32 வருடம் மாட்டாஸ்பத்திரி உத்தியோகம் பார்த்துவிட்டு இப்போது லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி போட்டே பிழைத்தவனிடம் ஊசி கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தத் தடவை பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தீவனம் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில்.

*

எங்கள் எச்.எஃப். கலப்பின மாட்டுக்கு இது தலையீற்று. கன்று போட்டு நாலு மாதம். மாமியார்தான் கறந்துகொண்டிருந்தார், காலையில் 8 லிட்டர் வரும். அவருக்கு முட்டிவலி வந்ததால் ஓர் ஆளை வைத்தோம். அவர் உட்கார்ந்தால் மாடு உதைக்கிறது, 5 லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. கறப்பதற்கு முன் லேசாக மயக்க ஊசி போடலாமா?
– வாசகி, மர்ஃபி டவுன்

வேண்டாம் அம்மா. மயங்கின மாடு உதைக்காமல் நிற்கலாம். அதற்காகப் பால் விடும் என்று அர்த்தமில்லை. அந்த மருந்து பாலில் வேறு இறங்கும். யார் வீட்டுக் குழந்தை குடிக்கப்போகிறதோ!

காம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிற சமாசாரமா பால்? பெரும்பகுதி மடிக்குள் பொடிப்பொடிப் பைகளில் நிற்கிறது. மடியைக் கழுவி, காம்பைத் தடவும்போது அந்தச் சேதி மூளைக்குப் போகும். அங்கிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கிளம்பி, மடிக்கு வந்து அந்தப் பைகளைப் பிழியும். நம் வீடுகளில் 'சுரப்பு விடுவது' என்று சொல்வது இதைத்தான். தடவ ஆரம்பித்து ஒரு நிமிஷம் போல ஆகும். வந்த ஆக்சிடோசின் ஐந்தாறு நிமிஷம் வேலை பார்க்கும், அப்புறம் கரைந்துவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும்.

மாடு பயந்தால் இந்தத் தொடர்ச்சி இரண்டு இடத்தில் அறும். இடமோ ஆளோ புதிது என்றால் மூளையிலிருந்து ஆக்சிடோசின் கிளம்புவதே நின்றுபோகலாம். அடி, சத்தம் என்று பெரிய பயமாக இருந்தால் சிறுநீரகத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். அது மடிக்குப் போகிற ரத்தக்குழாய்களைச் சுருக்கி, வந்துகொண்டிருக்கிற ஆக்சிடோசினை வாசலிலேயே நிறுத்திவிடும். 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்று இரண்டு பேர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாட்டின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பத்து விநாடிக்கு ஒன்றாகக் காகிதப் பைகளைப் 'பட் பட்'டென்று உடைத்தார்கள். இரண்டு நிமிஷம். சுரப்பு நின்றுபோனது. பூனையே இல்லாமல் அட்ரினலினை ஊசியாகப் போட்டபோதும் அதே கதைதான். எனக்கு என்னவோ இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பூனையை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

ஆக, உங்கள் 3 லிட்டர் எங்கும் போகவில்லை, மடியிலேயே நிற்கிறது. நாள்கணக்கில் அப்படி நின்றால் மடி 'இவ்வளவு தேவையில்லை போல' என்று உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மடிவீக்கத்துக்கும் அது வாசல் திறந்துவிடும். அதனால் சீக்கிரம் சரிசெய்யுங்கள்.

மாமியார் கறக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும். எப்போதும் பேசுவது போல மாட்டிடம் பேசட்டும். புது ஆள் முதல் மூன்று நாள் தவிடும் புண்ணாக்கும் வைப்பதோடு சரி. நாலாம் நாள் மடி கழுவட்டும். அதற்கும் அடுத்த நாள் மாமியார் பாதி, அவர் பாதி. பத்து நாளில் வழிக்கு வந்துவிடும். அவசரக்காரர் என்றால் பதினைந்து நாள்.

இன்னொன்று, சங்கடமான விஷயம். ஒரு நாள் நீங்கள் தள்ளி நின்று அந்த ஆளைக் கவனியுங்கள். மாட்டுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். முரட்டுத்தனமாக நடத்தின ஆள் கறக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றாலே மடியில் தங்கிப்போகிற பால் கூடுகிறது என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். தலையீற்று மாடு உதைத்தவுடன் பதிலுக்கு ஒன்று வைக்கிற கறவையாள்கள் உண்டு. அப்படி என்றால் மாட்டை மாற்ற வேண்டாம், ஆளை மாற்றுங்கள். அதற்கு முன் காம்பில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாமியாரின் கைக்குத் தெரிந்த புண் இவர் கைக்குத் தெரியாமல் இருக்கலாம்.

*

பக்கத்துத் தொழுவத்தில் கறப்பதற்கு முன் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். மாட்டின் உடம்பிலேயே ஊறுகிற ஹார்மோன்தானே, என்ன கெடுதல் என்கிறார்கள். சரியா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

மருந்து நல்ல மருந்துதான். கன்று ஈனுவதில் சிக்கல் வரும்போதும் பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தவும் அது உயிர் காக்கும். அதனால்தான் 2018இல் மத்திய அரசு தனியார் கம்பெனிகள் தயாரிக்கக் கூடாது, நம் பெங்களூரிலுள்ள கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்று உத்தரவு போட்டபோது டாக்டர்கள் பதறினார்கள். அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது.

தொழுவத்தில் நடப்பது வேறு. தினம் இரண்டு வேளை வெளியிலிருந்து வருகிற ஆக்சிடோசினுக்குப் பழகிய மாடு, தன் சொந்த ஆக்சிடோசினுக்கு மடியைத் திறக்காது. ஒரு நாள் ஊசி இல்லையென்றால் பாலும் இல்லை. மாட்டையே ஊசிக்கு அடகு வைத்த மாதிரி. பாலில் இறங்கிக் குழந்தைகளுக்கு அது இது ஆகிறது என்று பரவுகிற பயத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது புரதத் துண்டு, வயிற்றில் செரித்துவிடும். என் ஆட்சேபணை மாட்டுக்காகத்தான். கழுவாத ஒரே ஊசியால் பத்து மாட்டைக் குத்துகிற கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பால் பெருக்குவதற்காக உடம்பைக் கெடுக்கும் ஊசி போட்டால் தண்டனை உண்டு, மாடே பறிமுதலாகும் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

*

குளம்பு வெட்டுவதற்காக டாக்டர் எங்கள் மாட்டுக்கு மயக்க ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. வாயிலிருந்து எச்சில் கொட்டியது, வயிறு உப்பியது, அப்புறம் குடம் குடமாகச் சிறுநீர். எழுந்து நிற்க மூன்று மணி நேரம். டோஸ் தப்பாகப் போட்டுவிட்டாரா?
– வாசகர், கே.ஆர்.புரம்

நீங்கள் எழுதியிருக்கிற அத்தனையும் சைலசின் என்ற மருந்தின் கைரேகை. 1962இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி உருவாக்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க மாட்டு டாக்டர்களின் பையில் இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். உடம்பின் பருமனைப் பார்த்து 'எருது மாதிரி இருக்கிறதே, கூடத்தான் வேண்டும்' என்று நினைத்தால் தீர்ந்தது. பன்றிக்கோ குதிரைக்குப் போடுவதும் போதாது.

மாடு நாளொன்றுக்கு நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறவைக்கிற பிராணி. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மயங்கினால் விழுங்குவது நிற்கிறது, எச்சில் கொட்டுகிறது. வயிற்றில் புளிக்கிற தீவனத்திலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், ஏப்பமாக வெளியேறும். மயங்கினால் ஏப்பமும் நின்றுவிடும், வயிறு உப்பும். இன்சுலின் சுரப்பதை இந்த மருந்து அடக்குவதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், சர்க்கரைக்காரர்கள் மாதிரி சிறுநீர் போகும். அதனால் இந்த அறிகுறிகளை வைத்து மட்டும் டோஸ் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதைச் சொல்ல என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஹொசகோட்டே பக்கம் ஒரு கிராமம். ஹள்ளிகார் எருது ஒன்று வண்டியில் மோதிக் கொம்பை முறித்துக்கொண்டது. தெருவெல்லாம் ஓடி, நாலு பேர் கயிறு போட்டு ஒரு புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். நான் போகும்போது சுற்றிலும் ஊரே நிற்கிறது. எருதின் கண்ணில் கறுப்பைக் காட்டிலும் வெள்ளைதான் அதிகம் தெரிந்தது. சாணி தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. சைலசினை எடுத்து, கணக்காகப் போட்டேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒன்றும் ஆகவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு மூசுகிறது. கூட்டத்தில் ஒருவர், "இன்னொந்து ஹாக்கி டாக்ட்ரே!" என்றார். எனக்கும் சின்ன வயது, ஊர் பார்க்கிறது. இன்னொன்று போட்டேன்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் திண்ணைகளுக்கு ஓடிவிட்டது. மரத்தடியில் எருது, நான், எருதுக்காரர், மூன்றே பேர். பேச்சில்லை, மழைச் சத்தம் மட்டும். எருதின் தலை இறங்கியது, உதடு தொங்கியது, சுவர் இடிந்த மாதிரி சாய்ந்தது. இரண்டு ஊசியும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது!

ராத்திரி பத்தரை வரை அது எழவில்லை. வைக்கோல் மூட்டைகளை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, நெஞ்சு தரையில் படுகிற மாதிரி உட்காரவைத்து, எச்சில் நுரையீரலுக்குப் போகாமல் வெளியே வடியும்படி முகத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு எருதுக்காரர் மடியிலேயே தலையை வைத்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை திட்டுகூட விழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மயக்கத்தை முறிக்கிற மருந்தாக யோஹிம்பின் என்று ஒன்று உண்டு, ஆப்பிரிக்க மரப்பட்டையிலிருந்து வருவது. அன்றைக்கு என் பையில் அது இல்லை.

என்ன நடந்தது என்றால், சைலசின் நரம்புகளிலிருந்து நார்அட்ரினலின் (அட்ரினலினுக்குத் தம்பி மாதிரி) வெளியே வருவதை அடைக்கிற மருந்து. மேல்தொட்டிக்கு மோட்டாரை நிறுத்துகிற மாதிரி. தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிகிறபோது மோட்டாரை நிறுத்தினால் வழிவது உடனே நிற்குமா? மிரண்ட மாட்டின் உடம்பில் அட்ரினலின் வழிந்துகொண்டிருக்கும். சிலிர்த்துப்போன மாடு தானாக அடங்க இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அதுவரை மருந்து தோற்கிற மாதிரி தெரியும். அட்ரினலின் வடிந்ததும் மருந்து முழுசாகப் பிடித்துக்கொள்ளும். நான் இரண்டாவது ஊசி போட்டிருக்க வேண்டியதில்லை, கூட்டத்தைக் கலைத்திருக்க வேண்டும். மழை செய்த வேலையை நான் செய்யவில்லை.

உங்கள் மாட்டை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்களா, குளம்பு வெட்டுகிறவர் வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து சத்தம் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள். அடுத்த தடவை, முதலில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய் டிராவிஸ் என்று நாங்கள் சொல்கிற இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். பல மாட்டுக்கு ஊசியே தேவைப்படாது. தேவைப்பட்டால் முந்தின ராத்திரியே தீவனத்தை நிறுத்துங்கள். ஊசிக்கு முன் கால் மணி நேரமும் பின் கால் மணி நேரமும் யாரும் கிட்டே போக வேண்டாம். அசைபோட்டுக்கொண்டிருக்கிற மாட்டுக்குப் போடுகிற ஊசிதான் சரியாக வேலை செய்யும். சினை கடைசி மூன்று மாதத்தில் இருந்தால் டாக்டரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், இந்த மருந்து கர்ப்பப்பையைச் சுருக்கும். ஊசி போட்டபின் பாலை எத்தனை வேளை கீழே ஊற்றுவது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்ச மருந்தை வீட்டில் வாங்கி வைக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மனிதர் உடம்பில் போனால் முறிக்க, மனிதருக்கென்று அனுமதித்த மருந்து கிடையாது. அமெரிக்காவில் இதைப் போதை மருந்தில் கலந்து ஏற்றிக்கொண்டு செத்தவர்கள் பலர். 2023இல் அங்கே அரசாங்கமே அபாய அறிவிப்பு செய்தது.

*

பன்றிகளை ஒரே கொட்டிலில் சேர்த்தால் ரத்தம் வர கடித்துக்கொள்கின்றன. அடக்க மருந்து உண்டா?
– வாசகர், சர்ஜாபுரம்

உண்டு, அசாபெரோன் என்று பன்றிகளுக்கென்றே ஒன்று. ஆனால் யார் பெரியவன் என்று அவை முடிவு செய்தாக வேண்டும். மருந்து பிடித்திருக்கும்வரை அந்தச் சண்டை ஒத்திப்போகும், தெளிந்ததும் மிச்சத்தை முடித்துக்கொள்ளும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் சேருங்கள், தீவனத்தைப் பல இடத்தில் சிதறி வையுங்கள், ஓடித் தப்பிக்க இடம் விடுங்கள். ஓரிரு நாளில் அடங்கும்.

*

பக்ரீதுக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கிய கிடாவை அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் கட்டினோம். ராத்திரி முழுக்கக் கத்தல், அசோசியேஷனில் புகார். அடுத்த வருடம் தூக்க மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா? போன தடவை கறியும் கறுப்பாக, ரப்பர் மாதிரி இருந்தது.
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

கொஞ்ச நாளில் எல்லோரும் சாப்பிடப்போகிற உடம்பில் தூக்க மருந்தை ஏற்றாதீர்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது.

ஆடு தனியாக இருக்கப் பிறந்த பிராணி இல்லை. லாரியில் நாற்பது ஐம்பது ஆட்டோடு நெருக்கிக்கொண்டு, தண்ணீர் இல்லாமல் வந்து இறங்கியிருக்கும். இறங்கின கையோடு சிமெண்ட் தரை, குழல் விளக்கு, ரிவர்ஸ் எடுக்கிற கார், ஒரு ஆட்டின் முகம்கூடக் கண்ணில் படாத இடம். அது கத்துவது பிடிவாதத்தால் இல்லை, 'எங்கே இருக்கிறீர்கள்' என்று மந்தையைக் கூப்பிடுகிறது. பதில் வராதவரை கூப்பிடும். இங்கிலாந்தில் தனியாக அடைத்த செம்மறியாடுகளுக்கு இன்னொரு செம்மறியின் முகத்தைப் படமாகக் காட்டினார்கள், வெறும் படம். கத்தலும் குறைந்தது, ரத்தத்தில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் குறைந்தது. அதனால் உங்கள் பில்டிங்கில் வாங்குகிற நாலு வீட்டுக்காரர்களும் பேசிவைத்து ஒரே இடத்தில், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி கட்டுங்கள். ஒரே கிடாதான் என்றால் பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொம்புக்கு எட்டாத தூரத்தில் சாய்த்து வையுங்கள். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

கறி விஷயம். தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரை சேமிப்பு இருக்கும். அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, தசையின் பி.எச். (புளிப்பை அளக்கிற எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7 பக்கத்திலிருந்து ஐந்தரை அளவுக்கு இறங்கும். அந்தப் புளிப்பில்தான் கறி வெளிர்சிவப்பாக, பதமாக வரும், சீக்கிரம் கெடாது. பயத்திலும் பட்டினியிலும் கத்தலிலும் நாள்கணக்கில் இருந்த ஆடு அந்தச் சர்க்கரையை முன்னாலேயே செலவழித்துவிட்டிருக்கும். பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, விறைத்து, கையில் ஒட்டும். கசாய்க்காரர் மேல் பழி போட வேண்டாம். வாங்கினபின் தழையும் தண்ணீரும் அமைதியும் கிடைத்தால் தசை மறுபடி நிரம்பிக்கொள்ளும். ஆனால் ஆட்டில் அது ஒரே ராத்திரியில் நடக்கிற வேலை இல்லை.

*

மன அழுத்தத்தில் இருக்கிற பசுவின் பாலைக் குடித்தால் அதன் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் நமக்கு ஏறி, குழந்தைகளுக்குக் கோபம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– வாசகி, அல்சூர்

கார்டிசால் பாலில் இருப்பது உண்மை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வசதிகூட. ஏனென்றால் மாட்டைப் பிடித்து ரத்தம் எடுக்கப்போனால், பிடிக்கிற பயத்திலேயே சில நிமிஷத்தில் கார்டிசால் ஏறிவிடும். எதை அளந்தோம், மாட்டின் கவலையையா, நம் கயிற்றையா என்று குழப்பம். பாலிலும் சாணியிலும் முடியிலும் அளந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு தம்ளர் பாலில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. உங்கள் சொந்த அட்ரினல் சுரப்பிகள் நாளொன்றுக்கு அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு சுரக்கின்றன. காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்போது உங்கள் பிள்ளைக்கு வருகிற கோபத்துக்குப் பசு பொறுப்பில்லை.

அந்த ஹார்மோனை வில்லனாக்கியதும் எனக்குப் பிடிக்கவில்லை. கன்று எப்போது பிறப்பது என்று தீர்மானிப்பதே அதுதான். வயிற்றிலுள்ள குட்டியின் அட்ரினல் முதிர்ந்து கார்டிசால் சுரந்ததும் அதுவே தாய்க்குப் பிரசவத்தைத் தொடங்கிவைக்கிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் 1960களில் செம்மறியாடுகளில் இதைக் கண்டுபிடித்தார். இதே காரணத்தால்தான் நிறைசினை மாட்டுக்கு டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியைக் காய்ச்சலுக்கோ வீக்கத்துக்கோ யோசிக்காமல் போட்டால் கன்று மாசம் முந்தி வெளியே வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் இதை அனுப்புங்கள்.

*

கோழியைத் தலைகீழாகப் பிடித்தால் சட்டென்று அமைதியாகிவிடுகிறதே, அதற்கு அது பிடித்திருக்கிறதா?
– பள்ளி மாணவர், பானஸ்வாடி

இல்லை தம்பி. பறவைக்கு நமக்கு இருப்பது மாதிரி மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசை கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் குடலும் ஈரலும் மூச்சுப் பைகளை அழுத்தும். அசையாமல் கிடப்பது கடைசித் தந்திரம், பருந்தின் காலில் மாட்டின கோழி செத்தது போல இருந்தால் ஒரு வேளை பிடி தளரலாம். அந்த நேரம் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் கார்டிகோஸ்டிரோன் ஏறியிருக்கும், கோழிக்குக் கார்டிசாலுக்குப் பதில் அதுதான். இறக்கையோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கு. சந்தையிலிருந்து ஸ்கூட்டர் ஹாண்டில்பாரில் தொங்கவிட்டு வருகிற மாமாக்களுக்கும் சொல்.

*

சங்கராந்திக்கு எங்கள் ஊரில் மாடுகளை நெருப்புத் தாண்டவைக்கிறார்கள். எங்கள் மாடு மிரண்டு இரண்டு நாள் பால் குறைகிறது. அன்று மட்டும் தண்ணீரில் மயக்க மருந்து கலக்கலாமா?
– வாசகர், வர்த்தூர்

கன்னடத்தில் 'கிச்சு ஹாயிசுவுது' என்பார்கள். நம் பக்கத்து மாட்டுப் பொங்கலில் கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். இங்கே ஒரு படி மேலே. ஐயா, நெருப்பைத் தாண்டப்போகிற மாட்டுக்கு மயக்க மருந்தா? கால் பின்னி நெருப்பிலேயே உட்காரும். அலங்காரம் முடிந்ததும் பூசையைக் கும்பிட்டுக்கொண்டு மாட்டை நெருப்பைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்துவிடுங்கள். உண்ணி சாகும் என்று பெரியவர்கள் காரணம் சொன்னால், ஒரு விநாடி வெப்பத்தில் உண்ணிக்கு வியர்க்கக்கூடச் செய்யாது என்று என் பெயரைச் சொல்லுங்கள்.

*

எங்கள் மாடு உங்களைப் போன்ற டாக்டர் வந்தாலே மிரள்கிறது. வேறு யார் வந்தாலும் சாதுவாக நிற்கிறது. டாக்டர் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?
– வாசகி, லிங்கராஜபுரம்

நீங்கள் எழுதியிருப்பது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடையாளம் சொல்லாமல் விடுகிறேன்.

மாட்டின் காது நம் காதை விட மேலே கேட்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிறது, அதற்கு 35,000 வரை போகும். கீச்சென்ற உலோகச் சத்தம்தான் அதற்கு ஆகவே ஆகாது. என் பையின் ஜிப், ஊசிப் பெட்டியின் மூடி, ஸ்பிரிட்டின் வாடை, எல்லாம் அதற்கு முன்னறிவிப்பு. அட்ரினலின் ஓடும்போது பார்த்தது கேட்டது அழுத்தமாகப் பதியும். ஒரு தடவை குத்தினது வருடக்கணக்கில் நிற்கும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஊசி போடுகிற இடமும் தீவனம் வைக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டாம். தொழுவத்தின் அந்தக் கோடியில் ஒரு முளை அடித்து அங்கே மட்டும் வைத்தியம். டாக்டர் வராத நாளிலும் அங்கே கூட்டிப்போய் ஒரு வாழைப்பழம் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவாருங்கள். டாக்டரும் சும்மா வந்து, ஊசி போடாமல், கழுத்தைச் சொறிந்துவிட்டுப் போகிற நாள் இரண்டு மூன்று இருந்தால் நல்லது.

அதற்குத்தான் போன செவ்வாய்க்கிழமை வந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே அது கயிற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் வண்டியை முக்கில் இருக்கிற பேக்கரியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். பையும் கொண்டுவர மாட்டேன்.